வேகம் இருக்கு, தாமதம் ஏன்?

(ஏழாயிரம்பண்ணையில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது. வேலை காரணமாக வர முடியாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



வேலை முடிஞ்சு வீட்டுக்குக்கூடப் போகாம, மருந்து வாசனையோட நேரா கூட்டத்துக்கு வந்தவங்க பாதிப் பேர் இருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றோம்.

இன்றைக்குப் பேசப்போவது சேமிப்பு பற்றியோ தவணை பற்றியோ இல்லை. வீட்டில் இருக்கிற நெட் கனெக்ஷன் பற்றி. "இதுக்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் இருக்கிறது. இந்த விஷயம் ஒரு உள்கடன் மனுவாகத்தான் எங்களிடம் வந்தது.

இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு அக்கா வந்தாங்க. "மூவாயிரம் ரூபா உள்கடன் வேணும்"னாங்க. எதுக்குக்கா என்று கேட்டோம். "நெட்டுக்குப் பெரிய பிளான் போடணும், புது மோடமும் மாத்தணும்"னாங்க. ஏற்கெனவே 40 எம்.பி.பி.எஸ். பிளானிலிருந்து 100-க்கு மாறி, மாசம் 200 ரூபாய் கூடக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது 200-க்குப் போகணுமாம். ஏன் என்றால், அவங்க மகளுக்கு வீட்டிலிருந்தே வீடியோ காலில் வேலைக்கு நேர்காணல் நடந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் கேள்வி கேட்டு முடிக்கவில்லை, இந்தப் புள்ள பேச ஆரம்பிச்சிடுது. இது பேசினால் அங்கே பாதிதான் போகுது. "கேக்குதா, கேக்குதா"ன்னு கேட்டதிலேயே முக்கால்வாசி நேரம் போயிடுச்சு. வேலை கிடைக்கலை. புள்ள ரெண்டு நாள் சாப்பிடலை என்று சொல்லி அந்த அக்கா கண்கலங்கினாங்க.

கஷ்டப்பட்டுப் படிக்கவைத்த பிள்ளை, வாய்ப்பு வீட்டு வாசலுக்கே வந்தும் இழந்துவிட்டது. அதைச் சரி பண்ணக் கடன் கேட்கிறார்கள். தப்புச் சொல்ல முடியாது. ஆனால் "100 போட்டும் சரியாகலைன்னா, 200 போட்டா மட்டும் சரியாகும்னு யார் சொன்னா?" என்று நாங்கள் கேட்டோம். அதற்குப் பதில் இல்லை. ஒரு வாரம் பொறுங்க, வீட்டுக்கே வந்து பார்க்கிறோம் என்று சொன்னோம். அங்கே என்ன பார்த்தோம் என்பதைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன்னால் ஒரு விஷயம் புரிய வேண்டும்.

வேகம் வேறு, தாமதம் வேறு

நெட் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தில் போடுவது எல்லாம் 40, 100, 200 என்ற எண்தான். அதை நாம் வேகம் என்கிறோம். உண்மையில் அது ஒரு செகண்டில் எவ்வளவு சரக்கு வரும் என்கிற கணக்கு.

பையனைச் சாத்தூருக்கு அனுப்பிக் காராச்சேவு வாங்கி வரச் சொல்கிறோம். சின்னப் பை கொடுத்தால் அரைக் கிலோ வரும். பெரிய பை கொடுத்தால் அஞ்சு கிலோ வரும். ஆனால் பெரிய பை கொடுத்ததால் பையன் சீக்கிரம் வந்துவிடுவானா? பஸ் போற நேரம் போகும், வர்ற நேரம் வரும். பையின் அளவுதான் அந்த 100, 200. போய்த் திரும்புகிற நேரம்தான் தாமதம். கம்ப்யூட்டர் படித்தவர்கள் இதை லேட்டன்சி என்பார்கள். கனெக்ஷன் கொடுக்க வருகிற தம்பிகள் "பிங்" என்பார்கள்.

இந்த நேரத்தை மில்லி செகண்டில் அளக்கிறார்கள். ஒரு செகண்டை ஆயிரமாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மில்லி செகண்டு. அவ்வளவு சின்ன நேரத்தால் என்ன கெட்டுப்போகும் என்று நினைக்கலாம். படம் பார்க்க, பாட்டு கேட்க ஒன்றும் ஆகாது. முன்கூட்டியே கொஞ்சம் வந்து சேர்ந்து நிற்கும். ஆனால் பேச்சு அப்படி இல்லை. பேசும்போது எதிராளி நிறுத்தினாரா, முடித்தாரா என்று காது பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்கிறது. அதைத் தாண்டத் தாண்ட ரெண்டு பேர் பேச்சும் முட்டிக்கொள்ளும்.

தாமதம் என்றால் என்ன என்று நம்ம ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. திரி வைக்கிறதே அதுக்குத்தானே? பத்த வைத்தவர் விலகி ஓட நேரம் கொடுக்கிறதுதான் திரி. அங்கே தாமதம் உயிரைக் காப்பாற்றுகிறது. பேச்சில் அதே தாமதம் பேச்சைக் கெடுக்கிறது.

மேலூரும் தேனியும்

நம்ம பக்கத்து மாவட்டங்களிலேயே இதற்குப் பழைய உதாரணம் இருக்கிறது. 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கம்பியில்லா முறையை வைத்துக் கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தார்கள். அப்போதைய இணைப்பு ரொம்பச் சின்னது. ஆனாலும் அங்கிருந்தே கண்ணைப் படம் பிடித்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்பி டாக்டரிடம் யோசனை கேட்டார்கள். படம் போய்ச்சேர அஞ்சு நிமிஷம் ஆனாலும் குற்றமில்லை. கடிதம் போடுகிற மாதிரி.

அடுத்து, டாக்டரும் நோயாளியும் நேருக்கு நேர் பார்த்துப் பேச வேண்டும் என்று தேனி அரவிந்த் மருத்துவமனை நினைத்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். கோபுரத்தில் ஆன்டெனா வைத்து, பல கிலோமீட்டர் தூரத்துக் கிராம மையங்களுக்கு வைஃபையிலேயே இணைப்புக் கொடுத்தார்கள். அங்கே ஒரு சிக்கல் வந்தது. சாதாரண வைஃபை ஒரு பொட்டலத்தை அனுப்பிவிட்டு, "கிடைச்சதா?" என்று பதிலுக்கு நிற்கும். வீட்டுக்குள் அது கண் சிமிட்டுற நேரம்கூட இல்லை. பல கிலோமீட்டர் என்றால் நிற்கிறதிலேயே நேரம் போகும். பதில் வரக் கொஞ்சம் பிந்தினால், போகவில்லை என்று நினைத்து அதையே திரும்ப அனுப்பும். ஆகவே கட்டுக்கட்டாக அனுப்பி மொத்தத்துக்கும் ஒரே பதில் வாங்குகிற மாதிரியும், ரெண்டு பக்கமும் முறை வைத்துப் பேசுகிற மாதிரியும் மாற்றி அமைத்தார்கள். 2007-ல் அதை ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். அந்த மையங்கள் வழியாகத்தான் ஆயிரக்கணக்கான கிராமத்து ஜனங்கள் ஊரை விட்டுப் போகாமல் கண் டாக்டரிடம் பேசினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் சரிசெய்தது காத்திருப்பை. எங்கே காத்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தார்கள். பிறகுதான் கை வைத்தார்கள். நாமும் அப்படித்தான் பண்ண வேண்டும்.

தூரத்தால் வரும் தாமதம்

காத்திருப்புக்கு ரெண்டு காரணம். ஒன்று தூரம். இன்னொன்று வரிசை.

முதலில் தூரம். ஃபைபர் என்கிற கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் ஒரு செகண்டில் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். இங்கிருந்து சென்னை ஏறக்குறைய 550 கிலோமீட்டர். போய்த் திரும்ப 1,100. வெளிச்சத்துக்கு அது 5 அல்லது 6 மில்லி செகண்டு வேலை. வயர் நேராகப் போகாது, ஊர் ஊராக வளைந்து போகும். நடுவில் பெட்டிகள் இருக்கும். அதனால் நடப்பில் இன்னும் கொஞ்சம் கூடும்.

2002-ல் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கு அடியில் போட்ட ஐ-டூ-ஐ கேபிள் 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளம். சிங்கப்பூரில் இருக்கிற மகனிடம் பேசினால் தூரத்தால் வருகிற கூடுதல் தாமதம் 30 மில்லி செகண்டு அளவுதான். காது அதைக் கண்டுபிடிக்காது. அமெரிக்கா என்றால் போய்த் திரும்ப 200-ஐத் தாண்டும். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிற பழைய மாதிரி சாட்டிலைட் வழி என்றால் கேள்விக்குப் பதில் வர அரை செகண்டு ஆகும்.

இந்தத் தூரத்தை யாராலும் குறைக்க முடியாது. "பிங் குறைக்கும் ஆப்" என்று விளம்பரம் வந்தால் நம்பிப் பணம் கட்டாதீங்க. வெளிச்சத்தை விட வேகமாக ஓடுற ஆப் கிடையாது. கான்டாக்ட், போட்டோ, மெசேஜ் எல்லாம் பார்க்க அனுமதி கேட்கிற ஆப் என்றால் இன்னும் ஆபத்து.

சுற்றிப்போகிற பாதையைக் குறைக்கலாம். அது அரசாங்கமும் கம்பெனிகளும் செய்கிற வேலை. முன்பு ஒரே ஊரில் ரெண்டு கம்பெனி இணைப்பு வைத்திருக்கிற ரெண்டு பேர் மெயில் அனுப்பினால்கூட அது வெளிநாடு போய்ச் சுற்றி வரும். 2003-ல் நிக்சி என்ற இந்திய இணையச் சந்திப்பு மையம் தொடங்கி, உள்நாட்டுப் போக்குவரத்தை உள்நாட்டிலேயே மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். சென்னையிலும் அது இருக்கிறது. இப்போது பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகிற பொறுப்பு டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனத்திடம் இருக்கிறது. உங்கள் ஊராட்சியில் அந்த இணைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று கிராம சபையில் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

வரிசையால் வரும் தாமதம்

இரண்டாவது காரணம் வரிசை. அந்த அக்கா மகளுக்கு வேலையைக் கெடுத்தது இதுதான்.

தெருக் குழாயை நினைச்சுக்கோங்க. ஒருத்தர் பதினைந்து குடத்தை வரிசையாக வைத்துவிட்டு நிற்கிறார். நாம் ஒரே ஒரு செம்போடு போகிறோம். குழந்தைக்குக் குடிக்கத் தண்ணீர். செம்பு நிறைய ரெண்டு நிமிஷம் போதும். ஆனால் பதினைந்து குடம் முடிகிற வரைக்கும் நிற்க வேண்டும். குழாயில் தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது. குற்றம் குழாயில் இல்லை. வரிசை போட்ட விதத்தில் இருக்கிறது.

நெட்டிலும் இதேதான். ஒரு வீடியோவை மேலே ஏற்றுவது பதினைந்து குடம். பேச்சு ஒரு செம்பு. மோடம் பெட்டிக்கு எது அவசரம் என்று தெரியாது. வந்த வரிசையில் அனுப்பும். செம்பு குடத்துக்குப் பின்னால் நிற்கும்.

இது நம்ம ஊர்க் குறை மட்டும் இல்லை. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் பெர்க்லி பக்கம் ரெண்டு ஆராய்ச்சி இடங்களுக்கு நடுவில், வெறும் 400 கெஜ தூரத்தில், செகண்டுக்கு 32,000 பிட் போன இணைப்பு 40 பிட்டாக விழுந்தது. எண்ணூறில் ஒரு பங்குதான் மிஞ்சியது. எல்லாக் கம்ப்யூட்டரும் பதில் வரலையே என்று திரும்பத் திரும்ப அனுப்பி வரிசையை நிரப்பிவிட்டன. வான் ஜேக்கப்சன் என்பவர், கூட்டம் தெரிந்தால் எல்லாரும் கொஞ்சம் மெதுவாக அனுப்ப வேண்டும் என்கிற முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் இணையம் அந்த ஒழுங்கில்தான் ஓடுகிறது.

பிறகு மெமரி மலிவாகிப் போனது. மோடம் செய்கிறவர்கள் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று பெரிய பெரிய காத்திருப்பு அறை வைத்துவிட்டார்கள். 2010-ல் ஜிம் கெட்டிஸ் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் தன் வீட்டிலேயே இதைக் கண்டுபிடித்தார். பெரிய ஃபைல் ஒன்று ஏறும்போது அவர் வீட்டு இணைப்பில் தாமதம் ஒரு செகண்டைத் தாண்டியது. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். வரிசை வீங்கிப்போன நோய் என்று சொல்லலாம். அதற்கு மருந்தும் வந்தது. 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸ் என்ற பெண்மணியும் அதே ஜேக்கப்சனும் சேர்ந்து, வரிசையில் அதிக நேரம் எதையும் நிற்கவிடாத முறையைச் செய்தார்கள். அதோடு, செம்பு கொண்டுவந்தவரைக் குடங்களுக்கு நடுவில் விடுகிற முறையும் சேர்ந்து, 2018-ல் இணையத்தின் பொது ஆவணமாக வெளிவந்தது. இப்போது சில மோடங்களில் இது இருக்கிறது. பலவற்றில் இல்லை, அல்லது இருந்தும் யாரும் போட்டுவிடுவதில்லை.

அந்த அக்கா வீட்டில் பார்த்தது

எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற தங்கச்சியும் நாங்களும் ஒரு நாள் சாயங்காலம் போனோம். வேண்டுமென்றே சாயங்காலம் போனோம். நம்ம ஊரில் பகலில் நெட்டுக்குக் கூட்டமே இல்லை. பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. ஆறு மணிக்கு மேலேதான் ஊரே போனைக் கையில் எடுக்கிறது. நேர்காணல் நடந்ததும் ஆறரை மணிக்குத்தான்.

முதலில் எல்லாப் போனையும் கீழே வைக்கச் சொல்லி அளந்தோம். 14 மில்லி செகண்டு. அருமையான இணைப்பு. "பாத்தீங்களா, நல்லாத்தான் இருக்கு"ன்னு அக்கா வீட்டுக்காரர் சொன்னார். எங்களுக்கும் ஒண்ணும் புரியலை. அப்போதுதான் அந்தப் புள்ளையோட அண்ணன் உள்ளே வந்தார். கல்யாண வீடியோ எடுக்கிற தொழில். கம்ப்யூட்டரைப் போட்டு அன்றைக்கு எடுத்ததை மேலே ஏற்ற ஆரம்பித்தார். மறுபடி அளந்தோம். 900-க்கு மேல் காட்டியது. கிட்டத்தட்ட ஒரு செகண்டு.

மோடம் எங்கே என்று தேடினோம். உள் அறையில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. வைஃபை அலை இரும்பைத் தாண்டாது. அண்ணன் கம்ப்யூட்டரும் புள்ளையோட போனும் முன் அறையில். அலை மெலிந்து போய், பாதி பொட்டலம் திரும்பத் திரும்ப அனுப்பவேண்டி வந்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் குழாய் 100 என்றாலும், பீரோவுக்குப் பின்னாலிருந்து முன் அறைக்கு வருகிற குழாய் ஊசி அளவு. வரிசை நிற்கிற இடம் அதுதான். அதை விட்டுவிட்டு 200 பிளான் போட்டிருந்தால் கடன்தான் மிஞ்சியிருக்கும்.

மோடத்தை நடு அறைச் சுவரில் தலை உயரத்துக்கு மாற்றினோம். அண்ணன் கம்ப்யூட்டருக்கு 10 மீட்டர் லேன் வயர் வாங்கிச் சொருகினோம். செலவு 250 ரூபாய். வீடியோ ஏற்றுவதை ராத்திரி பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்வதாக அந்தத் தம்பி ஒத்துக்கொண்டார். "தங்கச்சிக்கு நேர்காணல் இருக்குன்னு தெரிஞ்சும் ஏத்திக்கிட்டிருந்தேனே"ன்னு அவருக்கு ரொம்ப வருத்தம். ஏற்றுவதும் பேசுவதும் இடிக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. திரும்ப அளந்தபோது, வீடியோ ஏறிக்கொண்டிருக்கும்போதே 35. அடுத்த மாசம் பழைய 40 பிளானுக்கே திரும்பிவிட்டார்கள். மாசம் 200 ரூபாய் மிச்சம். உள்கடன் மனுவை அக்காவே வாபஸ் வாங்கிக்கொண்டாங்க.

அந்தப் புள்ளைக்கு மறுபடி ஒரு நேர்காணல் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறோம், அந்த வேலையும் கிடைக்கலை. ஆனால் வெளியே வந்து, "கேள்வி முழுசாக் கேட்டுச்சு, எனக்குத் தெரியாததாலதான் போச்சு, அடுத்ததுக்குப் படிச்சிட்டுப் போறேன்"னு சொன்னது. நெட்டால் தோற்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

வரிசையாகச் சொல்கிறோம். குறித்துக்கொள்ளுங்கள். செலவில்லாதது முதலில், செலவுள்ளது கடைசியில்.

1. முதலில் அளந்து பாருங்கள். போனில் ஃபாஸ்ட் டாட் காம் என்ற பக்கத்தைத் திறந்து "மேலும் தகவல்" என்பதை அழுத்தினால் தாமதம் ரெண்டு எண்ணாக வரும். ஒன்று சும்மா இருக்கும்போது. மற்றொன்று சுமை இருக்கும்போது. முதல் எண் சின்னதாக இருந்து இரண்டாவது நூற்றுக்கணக்கில் ஏறினால் வரிசைதான் காரணம். முதல் எண்ணே பெரிதாக இருந்தால் வைஃபையோ வெளி வயரோ காரணம். இந்தச் சோதனையும் டேட்டா செலவழிக்கும். அளவு பிளான் வைத்திருப்பவர்கள் அடிக்கடி பண்ண வேண்டாம்.

2. மோடத்தின் இடத்தை மாற்றுங்கள். பீரோ, தகரம், ஃபிரிட்ஜ், தண்ணீர் டிரம் இவற்றுக்குப் பின்னால் வேண்டாம். டிவிக்குப் பின்னாலும் வேண்டாம். வீட்டுக்கு நடுவில், உயரமான இடத்தில், திறந்தபடி இருக்கட்டும். மேலே துணி போட்டு மூடாதீங்க, சூடாகும். ஃபைபர் வயர் நீளம் போதாவிட்டால் நாமே இழுக்கக் கூடாது. கம்பெனி ஆளைக் கூப்பிட வேண்டும்.

3. மோடத்தில் ரெண்டு வைஃபை பெயர் வந்தால், கடைசியில் 5ஜி என்று இருப்பதைப் பக்கத்து அறைக்குப் பயன்படுத்துங்கள். அதில் இடைஞ்சல் குறைவு, ஆனால் தூரம் போகாது. மற்றது 2.4. தூரம் போகும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலையில் இடிக்கும். இந்த 5ஜி வேறு, செல்போன் சிக்னலில் வரும் 5ஜி வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

4. யார் குடம் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். போட்டோவைத் தானாக மேலே சேமிக்கிற பேக்கப், ஆப் தானாகப் புதுப்பிக்கிறது, கண்காணிப்பு கேமரா, பெரிய வீடியோ அனுப்புவது, இதெல்லாம் குடங்கள். நேர்காணல், ஆன்லைன் வகுப்பு, டாக்டரிடம் பேசுவது என்றால் அந்த ஒரு மணி நேரம் இவற்றை நிறுத்துங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

5. நகராத சாமானுக்கு வயர் போடுங்கள். டிவி, கம்ப்யூட்டர் ரெண்டையும் லேன் வயரில் மாட்டினால் வைஃபை போனுக்கு முழுசாகக் கிடைக்கும். ஆனால் மொட்டை மாடி வழியாகப் பக்கத்து வீட்டுக்குச் செம்புக் கம்பி வயர் இழுக்காதீங்க. மின்னல் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் மோடத்தின் கரண்டு வயரில் பாயும். மழை இருட்டிக்கொண்டு வந்தால், இடி தொடங்குவதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

6. எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். இழை மடங்கியிருக்கலாம், அறுந்திருக்கலாம். அதை ஆணியில் சுற்றாதீங்க, துணி காயப்போடாதீங்க. விளக்கு சிவப்பாக இருக்கும்போது மோடத்தை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் பலன் இல்லை. புகார் எண் வாங்கி நோட்டில் எழுதி வையுங்கள்.

7. வைஃபை பாஸ்வேர்டு ஊருக்கே தெரிந்திருந்தால் மாற்றுங்கள். ஊர்க் குடமெல்லாம் நம் குழாயில் நிற்கும். தப்பான காரியத்துக்கு யாராவது பயன்படுத்தினால் விசாரணை நம் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

8. இதெல்லாம் செய்தும் சுமை நேரத்தில் தாமதம் ஏறினால், கனெக்ஷன் தம்பியிடம் "மோடத்தில் கியூ.ஓ.எஸ். அல்லது எஸ்.கியூ.எம். இருக்கா, போட்டுவிடுங்க" என்று கேளுங்கள். உண்மையில் வருகிற வேகத்தில் 90 சதவீத அளவுக்கு எல்லையை வைத்தால் வரிசை நம் மோடத்திலேயே ஒழுங்காகும். கொஞ்சம் வேகம் குறையும். பேச்சு தெளிவாக வரும்.

9. கடைசியாகத்தான் பெரிய பிளான். உண்மையிலேயே வீட்டில் ஆள் அதிகம், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேலை என்றால் எடுக்கலாம். அளக்காமல் எடுக்க வேண்டாம்.

பணம் கட்டும்போது

இன்னொரு தாமதமும் நம்மைப் பாதிக்கிறது. தவணைப் பணத்தைப் போனில் அனுப்புகிறோம். வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. "போகலை போல"ன்னு மறுபடி அனுப்புகிறோம். ரெண்டு தடவை போய்விடுகிறது. நம் உறுப்பினர் ஒருவருக்கே இது நடந்தது.

பதில் வரத் தாமதம் என்பதும் பணம் போகவில்லை என்பதும் ஒன்றல்ல. பணம் போய், "போயிடுச்சு" என்ற செய்தி மட்டும் வரிசையில் நிற்கலாம். ஆகவே மறுபடி அழுத்தாமல், கணக்கில் மீதி எவ்வளவு என்று பாருங்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் கணக்கில் கழிந்து, எதிராளி கணக்கில் ஏறாமல் போனால் அதற்கும் விதி இருக்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு யு.பி.ஐ. மூலம் அனுப்பிய பணம் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும். கடைக்குக் கட்டியது என்றாலும், கைரேகை வைத்துப் பணம் எடுக்கும்போது கழிந்தது என்றாலும் 5 நாளுக்குள். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளாகியும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்.

முடிவாக

சகோதரிகளே, மின்விசிறி ஓடலைன்னா முதல்ல சுவிட்சைப் பார்ப்போம், பிறகுதான் புது விசிறி வாங்குவோம். நெட்டில் மட்டும் நேராகக் கடைக்குப் போகிறோம். எங்கே காத்திருக்கிறது என்று தெரியாமல் செலவழித்த பணம், நம் சேமிப்பிலிருந்து போகிற பணம்.

இன்றைய கூட்டத்தில் ரெண்டு தீர்மானம் வைக்கிறோம். கை தூக்கிச் சொல்லுங்கள். ஒன்று, நெட் பிளானுக்கோ மோடத்துக்கோ உள்கடன் கேட்டால், கொடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டில் சாயங்காலம் ஒரு தடவை அளந்து பார்ப்பது. இரண்டு, உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நேர்காணலோ தேர்வோ இருந்து, வீட்டில் இணைப்புச் சரியில்லை என்றால், கூட்டமைப்பு ஆபீஸ் அறையை அந்த நேரத்துக்கு ஒதுக்கிக் கொடுப்பது. அந்த ஒரு மணி நேரம் ஆபீஸில் நாங்களும் எதையும் ஏற்ற மாட்டோம், இறக்க மாட்டோம்.

(ரெண்டு தீர்மானமும் நிறைவேறின. அளந்து பார்க்க உதவி வேண்டும் என்பவர்கள் தங்கள் குழு ஊக்குநரிடம் பெயர் கொடுக்கவும்.)